'டொம் டொம்' சத்தம் எங்கிருந்து வந்தது?

எங்க மாமா கார் மெக்கானிக். முழுப்பரீட்சை லீவில் அவர் பட்டறைக்கு ஒரு பழைய சொகுசு கார் வந்தது. 1990களில் செய்த வண்டி, ஆட்டோமேட்டிக் கியர். புறப்படும்போது அடியில் 'டொம் டொம்' என்று இடிக்கும். வேறொரு இடத்தில் கியர் பாக்ஸே போச்சு என்று சொல்லிவிட்டார்களாம். டிரைவர் அண்ணன் முரட்டுத்தனமா ஓட்டித்தான் கெடுத்துட்டார்னு முதலாளிக்குக் கோபம். வேலை போயிடுமோன்னு அண்ணன் முகமே சரியில்லை.

மாமா ஸ்பேனரைத் தொடவே இல்லை. முதலில் வண்டியை நிறுத்தி வைத்தே ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொன்னார். சத்தம் வரவில்லை. அப்போ இன்ஜின் இல்லை. வண்டி நகர்ந்தால்தான் வருது.

இந்த வகைக் கார்களில் இன்ஜின் முன்னால் இருக்கும், ஆனால் பின்சக்கரம்தான் வண்டியைத் தள்ளும். கியர் பாக்ஸிலிருந்து பின்னாடி கிரவுனுக்குச் சுழற்சியைக் கொண்டு போவது புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்ற நீளமான இரும்புக் குழாய். பின்சீட்டு நடுவில் கால் வைக்க முடியாமல் ஒரு மேடு இருக்குமே, அதற்கு அடியில்தான் அது சுற்றுகிறது. (எனக்கு எப்பவும் அந்த இடம்தான் கிடைக்கும்!) நீளம் அதிகம் என்பதால் ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருக்கும். நடுவில் ஒரு பேரிங். அதை ஒரு ரப்பர் வளையம் தாங்குகிறது. பென்ஸ், பி.எம்.டபிள்யூ போன்ற கார்களில் ஷாஃப்ட் இணையும் இடத்திலும் தடித்த ரப்பர் தட்டு உண்டு. குலுக்கல் உள்ளே வராமல் இருக்கத்தான் இந்த ரப்பரெல்லாம். ஆனா வருஷம் ஆக ஆக வெடிச்சுடும்.

இப்போதான் கணக்கு! கிரவுனில் உள்ள பல்சக்கரங்களால், இந்த மாதிரி கார்களில் ஷாஃப்ட் சுமார் 3 சுற்று சுற்றினால் சக்கரம் 1 சுற்று. மாமா பின்டயரில் சாக்பீஸால் கோடு போட்டார். அண்ணன் நடை வேகத்தில் ஓட்டினார். மாமா கூடவே நடந்து, கோடு கீழே வரும்போதெல்லாம் "ஒண்ணு" என்றார். நான் அந்த மேட்டில் கால் வைத்து எண்ணினேன். ஒரு "ஒண்ணு"க்கு மூணு இடி! டயர் வீங்கியிருந்தால் ஒரு இடிதான் வரும். ஆகவே ஷாஃப்ட்.

வண்டியைக் குழிமேல் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, இன்ஜினை அணைத்துப் பார்த்தோம். (வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே கூடாது.) மாமா நடு பேரிங்கைக் கையால் தூக்கினார். ரப்பர் சுற்றிலும் கிழிந்து, ஷாஃப்ட் லொடலொடவென்று ஆடியது! அப்படியே ஓட்டியிருந்தால் பேரிங் விட்டு ஷாஃப்ட் அடித்தட்டையே உடைச்சிருக்கும்.

கழற்றுமுன் இரண்டு துண்டிலும் பெயிண்டால் அடையாளம் வைத்தார். மாற்றி மாட்டினால் பேலன்ஸ் போய், புதுசா அதிர்வு வருமாம்.

சாயங்காலம் முதலாளி வந்தார். கிழிந்த ரப்பரை மாமா அவர் கையில் கொடுத்து, "இது வயசாகிப் போனது சார், ஓட்டினதால இல்ல" என்றார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் டிரைவர் அண்ணனிடம், "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டார்.