கிட்டாருக்கு இசை இலக்கணம் எதற்கு?

பியானோவில் ஒரு ஸ்வரத்துக்கு ஒரே ஒரு கட்டைதான். கிட்டாரில் அப்படியில்லை. முதல் தந்தியை விரல் வைக்காமல் மீட்டினால் ஒலிக்கும் ‘இ’ ஸ்வரம், அதே ஸ்தாயியில் இரண்டாம் தந்தியின் 5-ஆம் ஃப்ரெட்டிலும் (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிகளே ஃப்ரெட்), மூன்றாம் தந்தியின் 9-ஆம் ஃப்ரெட்டிலும், நான்காம் தந்தியின் 14-ஆம் ஃப்ரெட்டிலும் கிடைக்கிறது. இடம் காட்டும் புள்ளிகள் கிட்டாரின் கழுத்தில் உண்டு; ஸ்வரத்தை அடையாளம் காட்டும் கறுப்பு வெள்ளைப் பிரிவு கிடையாது.

அதனால் பெரும்பாலானோர் கிட்டாரை வடிவங்களாகவே கற்கிறார்கள். இந்த விரல் இங்கே, அந்த விரல் அங்கே என்று பழகினால் சில வாரங்களில் ஒரு பாட்டு வந்துவிடும். ‘டேப்’ எனப்படும் குறிப்பு முறையும் இதற்குத் துணை நிற்கிறது. 16-ஆம் நூற்றாண்டிலேயே லூட் வாசித்தவர்கள் பயன்படுத்திய முறை அது. எந்தத் தந்தியில் எங்கே அழுத்த வேண்டும் என்பதை அது சொல்லும். அழுத்தியது என்ன ஸ்வரம், அந்த ஸ்வரம் அங்கே ஏன் வந்தது என்பதைச் சொல்லாது. அந்த இடைவெளியை நிரப்புவதுதான் மியூசிக் தியரி எனப்படும் இசை இலக்கணம்.

தந்திகளுக்குள் உள்ள கணக்கு

கிட்டாரின் ஆறு தந்திகளும், ஆறாவதான தடித்ததிலிருந்து முதலாவதான மெல்லியது வரை, இ, ஏ, டி, ஜி, பி, இ என்று சுருதி சேர்க்கப்படுகின்றன. ஒரு ஃப்ரெட் நகர்ந்தால் ஓர் அரைத்தொனி ஏறும். அதிர்வெண் ஏறத்தாழ 5.95 சதவீதம் கூடும். 12 ஃப்ரெட் கடந்தால் தந்தியின் நீளம் பாதியாகி, அதிர்வெண் இரட்டிக்கும். 110 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் ஐந்தாம் தந்தி 12-ஆம் ஃப்ரெட்டில் 220 ஹெர்ட்ஸில் ஒலிப்பது இதனால்தான்.

அடுத்தடுத்த தந்திகளுக்கு இடையே ஐந்து அரைத்தொனி தூரம். ஜி தந்திக்கும் பி தந்திக்கும் இடையே மட்டும் நான்கு. இந்த ஒற்றை விலகல்தான் தொடக்கநிலை மாணவரைக் குழப்புகிறது. ஆறாம் தந்தியில் உள்ள ஸ்வரத்தின் மேல் ஸ்தாயி, நான்காம் தந்தியில் இரண்டு ஃப்ரெட் தள்ளி இருக்கும். நான்காம் தந்தியில் தொடங்கினால் அதே மேல் ஸ்தாயி இரண்டாம் தந்தியில் மூன்று ஃப்ரெட் தள்ளிப் போய்விடும். காரணம் தெரியாதவருக்கு இவை மனப்பாடம் செய்ய வேண்டிய இரண்டு தனி வடிவங்கள். காரணம் தெரிந்தவருக்கு, பி தந்தியைத் தாண்டும்போது ஒரு ஃப்ரெட் கூட்ட வேண்டிய ஒரே வடிவம்.

மூன்று ஸ்வரங்களில் ஒரு கார்டு

மேஜர் கார்டு என்பது ஆதார ஸ்வரம், அதிலிருந்து நான்கு அரைத்தொனி மேலே ஒன்று, ஏழு அரைத்தொனி மேலே ஒன்று ஆகிய மூன்றின் சேர்க்கை. கர்நாடக இசை அறிந்தவர்களுக்கு இது சட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம். சி மேஜர் கார்டில் ஐந்து தந்திகள் ஒலித்தாலும் அவற்றில் இருப்பவை சி, இ, ஜி என்ற மூன்று ஸ்வரங்களே. காந்தாரத்தை மட்டும் ஓர் அரைத்தொனி இறக்கிச் சாதாரண காந்தாரமாக்கினால் அது மைனர் கார்டு.

இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு கையைப் பார்த்தால் பல விஷயங்கள் விளங்கும். ஏ மேஜரை ஏ மைனராக்க இரண்டாம் தந்தியில் உள்ள விரல் ஒரு ஃப்ரெட் பின்னால் வருகிறது. இ மேஜரை இ மைனராக்க மூன்றாம் தந்தியில் உள்ள விரல் எடுக்கப்படுகிறது. டி மேஜரை டி மைனராக்க முதல் தந்தியில் உள்ள விரல் பின்னால் வருகிறது. மூன்று இடங்களிலும் இறங்குவது காந்தாரம்தான்.

பாடகர் சுருதியை மாற்றினால்

மேஜர் ஸ்கேலின் ஏழு ஸ்வரங்களிலிருந்தும் ஒவ்வொரு கார்டு பிறக்கிறது. ஒன்று, நான்கு, ஐந்து மேஜர்; இரண்டு, மூன்று, ஆறு மைனர்; ஏழாவது டிமினிஷ்ட். ஜி ஸ்கேலில் ஜி, ஏ மைனர், பி மைனர், சி, டி, இ மைனர், எஃப் ஷார்ப் டிமினிஷ்ட் என்று அந்தக் குடும்பம் அமையும். எந்த ஸ்கேலுக்குப் போனாலும் இந்த வரிசை மாறாது. எனவே பாட்டைக் கார்டின் பெயரால் நினைவில் வைப்பதைவிட எண்ணால் வைப்பது பயன் தரும். நாஷ்வில் நகர ஒலிப்பதிவுக் கூடங்களில் 1950-களின் பிற்பகுதியில் பாடகர் நீல் மாத்யூஸ் உருவாக்கிய எண் முறை இன்றும் புழக்கத்தில் இருப்பது இதனால்தான்.

மேடையில் இதன் அருமை தெரியும். ஐந்து கட்டையில், அதாவது ஜி சுருதியில் ஒத்திகை பார்த்த பாடகர், தொண்டை சரியில்லை என்று நாலரைக் கட்டைக்கு இறக்கச் சொல்கிறார் என்று கொள்வோம். கழுத்தில் மாட்டித் தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கருவி சுருதியை ஏற்றும், இறக்காது. ஜி, சி, டி என்று மட்டும் மனப்பாடம் செய்தவர் அங்கே திணறுவார். பாட்டு ஒன்று, நான்கு, ஐந்தில் நடக்கிறது என்று அறிந்தவர், கேப்போவை 2-ஆம் ஃப்ரெட்டில் மாட்டி இ, ஏ, பி வடிவங்களை வாசிப்பார். எழும் ஒலி எஃப் ஷார்ப், பி, சி ஷார்ப். பாடகர் கேட்ட சுருதி வந்துவிடும்.

எங்கே நிற்பது

தனி வாசிப்புக்கு முதலில் கற்பிக்கப்படுவது பெரும்பாலும் ஏ மைனர் பென்டடானிக்: ஏ, சி, டி, இ, ஜி. ஏயைச் சட்ஜமாகக் கொண்டால் இது சுத்த தன்யாசி. இதே ஐந்து ஸ்வரங்களை, சியைச் சட்ஜமாக்கி வாசித்தால் மோகனம். கிரக பேதம் என்று கர்நாடக இசை சொல்வதும் ஸ்கேல்களின் உறவு என்று மேற்கத்திய இசை சொல்வதும் இங்கே ஒன்றாகின்றன.

ஸ்கேலின் வடிவத்தை மட்டும் அறிந்த விரல்கள் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருக்கும். பின்னணியில் சி மேஜர் ஒலிக்கும்போது ‘இ’யில் நின்றால் அது கார்டின் காந்தாரம்; எஃப் மேஜருக்கு மாறும்போது ‘ஏ’யில் நின்றால் அதற்குக் காந்தாரம். கார்டு மாறும் கணத்தில் இப்படிப் பொருந்தும் ஸ்வரத்தில் வந்து இறங்குபவரின் வாசிப்பில்தான் வாக்கியம் முடிந்த நிறைவு கேட்கும்.

எழுதத் தெரியாத மேதைகள்

வெஸ் மான்ட்கோமரிக்கும் ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்கும் இசைக் குறிப்பை வாசிக்கத் தெரியாது. பிறகு இலக்கணம் எதற்கு என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. குறிப்பை வாசிப்பது வேறு, ஸ்வரங்களின் உறவை அறிவது வேறு. மான்ட்கோமரி, கிட்டார் கலைஞர் சார்லி கிறிஸ்டியனின் வாசிப்பை இசைத்தட்டில் கேட்டுக் கேட்டே கற்றவர். ஹென்ட்ரிக்ஸின் 1967-ஆம் ஆண்டுப் பாடலான ‘பர்ப்பிள் ஹேஸ்’ மூலம் புகழ்பெற்ற கார்டில் இரண்டு காந்தாரங்களும் சேர்ந்து மோதுகின்றன. இந்த உறவுகளை அவர்கள் காதால் கண்டடைந்தார்கள். அவற்றுக்குப் பெயர் வைத்து, மற்றவர்கள் விரைவில் எட்டும்படி செய்வது இலக்கணம்.

முறையாகக் கற்றவர்க்கு அது எவ்வளவு தூரம் வழி திறக்கும் என்பதற்கு இளையராஜா சான்று. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையைப் பயின்ற கிட்டார் கலைஞர் அவர். கர்நாடக ராகங்களையும் மேற்கத்திய ஒத்திசைவையும் அவர் இணைத்த ‘ஹவ் டு நேம் இட்?’ 1986-இல் வெளிவந்தது.

தொடங்கும் வரிசை

முதலில் ஆறாம், ஐந்தாம் தந்திகளில் 12-ஆம் ஃப்ரெட் வரை ஸ்வரங்களின் பெயர்களை அறிய வேண்டும். நகர்த்தி வாசிக்கும் பார் கார்டுகளுக்குப் பெயர் தருபவை இந்த இரு தந்திகளே. அடுத்து ஸ்வரங்களுக்கு இடையிலான தூரங்கள், மேஜர், மைனர் கார்டுகளின் அமைப்பு, ஸ்கேலிலிருந்து கார்டுகள் பிறக்கும் வரிசை. ஒவ்வொன்றையும் வாசித்து, வாயால் பாடி, தெரிந்த பாட்டில் தேடிப் பார்க்க வேண்டும். காதில் ஏறாத விதி தாளிலேயே தங்கிவிடும். ஏறிய விதியோ, அடுத்த பாட்டைக் கேட்கும்போதே விரல் போக வேண்டிய இடத்தைச் சொல்லிவிடும்.