புரியாத பேச்சுக்கு வால்யூம் மருந்தல்ல

சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் 70 கிலோமீட்டர். பூதலப்பட்டு, சந்திரகிரி தாண்டிப் பேருந்து போய்ச்சேர ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் பிடிக்கும். வேலைக்கும் கல்லூரிக்கும் தினமும் இந்தத் தடத்தில் போய்வருகிறவர்களில் பலர் காதில் இயர்போனோடுதான் ஏறுகிறார்கள். முன்பெல்லாம் பாட்டு. இப்போது அதோடு கதை, அரசியல் அலசல், பங்குச்சந்தை, போட்டித் தேர்வுப் பாடம் என்று மணிக்கணக்கில் ஓடும் பாட்காஸ்ட்.

பாட்டு சற்று மங்கலாகக் கேட்டாலும் ரசித்துவிடலாம். பேச்சு அப்படியல்ல. ஒரு சொல் நழுவினால் பொருளே போய்விடும். அதனால் புரியாத இடத்தில் எல்லாம் கை தானாக வால்யூமைக் கூட்டுகிறது. உண்மையில் அங்கே குறைவது பெரும்பாலும் சத்தம் அல்ல, தெளிவு. தெளிவுக் குறைவை வீட்டுக் கணினியிலேயே சரிசெய்துகொண்டு கிளம்பினால், பேருந்தில் காதைத் தண்டிக்க வேண்டியதில்லை.

காதுக்குள் நடப்பது

ஒவ்வொரு உட்செவியிலும் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் இருக்கின்றன. ஒலி அதிர்வை நரம்புக்குப் புரியும் மின்சமிக்ஞையாக மாற்றுவது இவைதான். புல்தரையில் ஒருமுறை நடந்தால் புல் மறுநாள் நிமிர்ந்துவிடும். தினமும் நடந்தால் அந்த இடம் ஒற்றையடிப் பாதையாகிவிடும். மயிர்ச்செல்களும் அப்படித்தான். எப்போதோ கேட்ட பெருஞ்சத்தத்திலிருந்து பெரும்பாலும் தேறிவிடும். ஓயாமல் வாட்டினால் செத்துப்போகும். செத்த செல் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை.

இரைச்சலால் வரும் பாதிப்பு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர் சுருதிகளில் தொடங்கும். அதனால் ஆரம்பத்தில் காது ‘கேட்கவில்லை’ என்று தோன்றாது. ஆள் பேசுவது கேட்கும். ‘கடை’ என்றாரா ‘தடை’ என்றாரா என்பதுதான் பிடிபடாது. மெல்லிய மெய்யொலிகளைப் பிரித்துக் காட்டும் அதிர்வெண்கள் முதலில் தேய்வதே காரணம். இந்தக் குழப்பத்துக்கும் நாம் வால்யூமைத்தான் கூட்டுகிறோம். பாதிப்பு சத்தத்தைத் தேட, சத்தம் பாதிப்பை வளர்க்கிறது.

பேருந்துக் கணக்கு

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-ல் பாதுகாப்பாகக் கேட்பதற்கான ஒரு தரநிலையை வெளியிட்டன. பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம் 80 டெசிபல், குழந்தைகளுக்கு அதே 40 மணி நேரம் 75 டெசிபல் என்பது அதன் அளவு. டெசிபல் மூன்று கூடினால் ஒலியின் ஆற்றல் இரு மடங்கு. அப்போது கேட்கும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். 83 டெசிபல் என்றால் வாரம் 20 மணி நேரம். 86 என்றால் 10. 90 என்றால் 4. நூறு டெசிபலில் வாரத்துக்கே 20 நிமிடம்தான்.

சித்தூர் – திருப்பதி போய்வர நாளுக்கு மூன்றரை மணி நேரம் என்று வைத்தாலும், ஆறு நாள் வேலை வாரத்தில் 20 மணி நேரத்தைத் தாண்டிவிடும். பழைய டீசல் பேருந்துக்குள் இரைச்சல் எளிதில் 75, 80 டெசிபலைத் தொடும். அதை மீறிப் பேச்சு புரிய வேண்டுமானால் இயர்போன் அதற்கும் மேலே போக வேண்டும். 86-ல் வைத்தாலே வாராந்தர அளவில் இரண்டு மடங்கைக் காதுக்குக் கொடுத்தாயிற்று. ‘நான் ஒன்றும் குத்துப்பாட்டு கேட்கவில்லையே, பேச்சுதானே’ என்பது இங்கே செல்லாது. காது டெசிபலையும் நேரத்தையும் மட்டுமே கணக்கில் எடுக்கிறது.

திருப்பதியிலிருந்து திருமலை ஏறும் மலைப்பாதையில் 2022 முதல் மின்சாரப் பேருந்துகளும் ஓடுகின்றன. அவற்றில் ஏறும்போது ஒரு சோதனை செய்து பாருங்கள். டீசல் பேருந்தில் வைத்த வால்யூமை அப்படியே விட்டால் காதில் அறைவது போல் இருக்கும். இவ்வளவு நேரம் இயந்திரச் சத்தத்தோடு எவ்வளவு மல்லுக்கு நின்றோம் என்பது அப்போது விளங்கும்.

சிங்க் ஆகவில்லையா?

அந்த மலைப்பாதை போகும் சேஷாசலக் காட்டுக்குள் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். நேரடியாக இணையத்தில் கேட்டால் சில செயலிகள் இணைப்பு பலவீனமாகும்போது ஒலித் தரத்தைக் குறைத்துவிடும், பேச்சு கரகரக்கும், வால்யூம் ஏறும். முதல் நாள் இரவே கணினியில் இறக்கிக் கைபேசிக்கு மாற்றிக்கொள்வது (சிங்க்) இதனால்தான் காதுக்கும் நல்லது. அது தகராறு செய்தால் கீழ்க்கண்ட வரிசையில் பாருங்கள்.

கேபிள்: சில கேபிள்களில் மின்சாரக் கம்பி மட்டும் இருக்கும், தரவுக் கம்பி இருக்காது. கைபேசி சார்ஜ் ஆகும், கணினி அதை அடையாளம் காணாது. வேறு கேபிளை மாற்றிப் பார்ப்பதே முதல் வேலை.

அனுமதி: ஆண்ட்ராய்டு கைபேசியைச் செருகினால் வழக்கமாக ‘சார்ஜிங் மட்டும்’ என்ற நிலையில்தான் நிற்கும். அறிவிப்புத் திரையை இழுத்து ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ என்று மாற்ற வேண்டும். ஐபோனில் ‘இந்தக் கணினியை நம்பலாமா’ என்ற கேள்விக்கு ஒப்புதல் தராவிட்டால் எதுவும் நகராது. விண்டோஸில் ஐபோனை இணைக்க இப்போது ஆப்பிள் டிவைசஸ் செயலி இருக்கிறது. மேக்கில் 2019-ல் வந்த கேட்டலினா பதிப்பு முதல் ஃபைண்டர் வழியாகவே சிங்க்.

சந்தா: புதிய பகுதிகள் வரவே இல்லை என்றால், நிகழ்ச்சி வேறு முகவரிக்கு மாறியிருக்கலாம். பழைய சந்தாவை நீக்கி மீண்டும் சேருங்கள். நெடுநாள் கேட்காத நிகழ்ச்சிக்குத் தானியங்கிப் பதிவிறக்கத்தை நிறுத்திவிடும் செயலிகளும் உண்டு. கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024-ல் மூடப்பட்டுவிட்டது. இன்னும் அதையே நம்பியிருப்பவர்கள் வேறு செயலிக்கு மாறத்தான் வேண்டும். ஜிபாட்டர் என்ற இலவச மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

இடமும் வடிவமும்: கருவியில் இடம் தீர்ந்தால் சிங்க் பாதியில் நிற்கும். கேட்டு முடித்தவற்றை அழியுங்கள். கோப்பு போய்ச்சேர்ந்தும் பட்டியலில் தெரியவில்லை என்றால் அது எம்4ஏ வடிவமாக இருக்கலாம். விலை குறைந்த எம்பி3 கருவிகள் சில அதைப் படிக்காது. கணினியிலிருந்து கழற்றும் முன் ‘இஜெக்ட்’ கொடுக்க மறக்காதீர்கள்.

இவ்வளவும் பத்து, பதினைந்து நிமிட வேலை. அதற்குள் சரியாகவில்லை என்றால் மூடிவிட்டுப் படுங்கள். நள்ளிரவு வரை திரையோடு மல்லாடினால் தூக்கமும் கெடும், கழுத்தும் பிடித்துக்கொள்ளும். ஒருநாள் காதுக்கு ஓய்வு கொடுத்தால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

ஒலியைச் சமன்செய்யுங்கள்

ஒரு நிகழ்ச்சி முணுமுணுக்கும், அடுத்தது அலறும். முணுமுணுப்புக்குக் கூட்டிய வால்யூமிலேயே அலறலும் வந்து விழும். ஆப்பிள் நிறுவனம் பாட்காஸ்ட் தயாரிப்பவர்களுக்கு -16 எல்யுஎஃப்எஸ் என்ற ஒலி அளவைப் பரிந்துரைக்கிறது. எல்லோரும் அதைப் பின்பற்றுவதில்லை. எம்பி3கெய்ன், ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள்களில் உங்கள் கோப்புகளை நீங்களே ஒரே அளவுக்குக் கொண்டுவரலாம். ஆடாசிட்டியில் ‘லவுட்னஸ் நார்மலைசேஷன்’ என்ற பெயரில் இந்த வசதி இருக்கிறது.

இன்னொரு தொல்லை: தொகுப்பாளர் குரல் இடது காதிலும் விருந்தினர் குரல் வலது காதிலும் வருவது. ஒரு இயர்பட் மட்டும் மாட்டுகிறவர் பாதி உரையாடலுக்காக வால்யூமை ஏற்றிக்கொண்டே போவார். விண்டோஸிலும் கைபேசியிலும் ‘மோனோ ஆடியோ’ என்ற தேர்வை இயக்கினால் இருவர் குரலும் ஒரே காதில் கேட்கும்.

சமன்செய்ததும் வீட்டின் அமைதியான அறையில் உட்கார்ந்து, பேச்சு சிரமமில்லாமல் புரியும் அளவுக்கு வால்யூமை வைத்து, அந்த அளவை நினைவில் கொள்ளுங்கள். பேருந்தில் அதற்கு வெகுவாக மேலே போக வேண்டியிருந்தால், காதுக்குச் சரியாகப் பொருந்தும் ரப்பர் முனையோ இரைச்சல் நீக்கும் வசதியோ உள்ள இயர்போன் தேவை. வெளிச்சத்தம் குறைந்தால் உள்சத்தத்தையும் குறைக்கலாம். ஐபோனில் ‘ஹெட்போன் சேஃப்டி’ பகுதியில் டெசிபல் உச்சவரம்பு வைக்கலாம். பல ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் வால்யூம் வரம்பு உண்டு. பிள்ளைகள் கையில் கொடுக்கும் கருவியில் இதைக் கட்டாயம் வையுங்கள்.

கோளாறு கருவியிலா, காதிலா?

ஒரு பக்கம் மங்கலாகக் கேட்கிறதா? இயர்போனின் இடது முனையை வலது காதிலும் வலது முனையை இடது காதிலும் மாட்டிப் பாருங்கள். மங்கல் முனையோடு இடம் மாறினால் கோளாறு கருவியில்: வலையில் அழுக்கு சேர்ந்திருக்கலாம், அல்லது அமைப்புகளில் இடது–வலது சமநிலை நகர்ந்திருக்கலாம். எந்த முனையை மாட்டினாலும் அதே காது மங்கினால் பார்க்க வேண்டியது காதை.

அதற்குக் குறும்பி அடைப்பு போன்ற எளிய காரணமும் இருக்கலாம். ஆனால் பட்ஸ், ஊக்கு, தீக்குச்சி எதையும் உள்ளே விடாதீர்கள். குறும்பி இன்னும் ஆழத்துக்குப் போகும், செவிப்பறையும் கிழியலாம். எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதும் வேண்டாம்.

மலையேறும்போது

மொட்டை போட்டு, திருப்பதி கபில தீர்த்தத்தில் தலை முழுகிய கையோடு இயர்பட்டைச் செருகுவது வினையை விலைக்கு வாங்குவது. ஈரமும் சூடும் காற்றோட்டமில்லாத காதுக்குழாயும் பூஞ்சைக்குத் தோதான இடம். காதை நன்றாகத் துவட்டி, உலரவிட்டு மாட்டுங்கள். ஒருவர் இயர்பட்டை இன்னொருவர் போட்டுக்கொள்ளவும் வேண்டாம்.

திருமலைக்கு நடந்தேறும் அலிபிரி வழியின் 3,550 படிகளில் போகும்போது, நடைபாதை வாகனச் சாலையை ஒட்டிச் செல்லும் இடங்களில் இயர்போனைக் கழற்றிவிடுங்கள். சிறுத்தை நடமாட்டத்தால் 2023-ல் திருமலை திருப்பதி தேவஸ்தானம் இந்தப் பாதையில் கட்டுப்பாடுகள் கொண்டுவந்ததும் நினைவிருக்கட்டும். காவலரின் எச்சரிக்கை காதில் விழ வேண்டும்.

எப்போது மருத்துவரிடம்?

காதில் ‘கொய்ங்’ என்ற இரைச்சல் ஒருநாளைத் தாண்டியும் நீடித்தால், கூட்டத்தில் பேச்சு புரியாமல் போனால், வீட்டார் டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக்கொண்டே இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்து ஆடியோகிராம் எடுங்கள். வலி இல்லாத பரிசோதனை. ஒவ்வொரு சுருதியிலும் உங்கள் காது எவ்வளவு மெல்லிய ஒலியைப் பிடிக்கிறது என்பதை வரைபடமாகக் காட்டிவிடும்.

திடீரென ஒரு காது கேட்காமல் போனால் அது அவசரம். ‘சளி கட்டியிருக்கும், நாளை பார்க்கலாம்’ என்று தள்ளிப்போட்டால் குணமாகும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். முடிந்தால் அன்றைக்கே, எப்படியும் மூன்று நாளைக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும். திருப்பதியில் மருத்துவக் கல்லூரியோடு இணைந்த ரூயா அரசு மருத்துவமனையும் ஸ்விம்ஸ் மருத்துவமனையும் இருக்கின்றன. சித்தூர்க்காரர்களுக்கு வேலூர் சிஎம்சியும் அருகில்தான். பிறவியிலேயே கேட்கும் திறன் குறைந்த குழந்தைகளுக்குத் தேவஸ்தானத்தின் ஸ்ரவணம் மையம் பயிற்சி தருகிறது.

மருத்துவரிடம் போகும்போது கைபேசியையும் காட்டுங்கள். ஐபோனின் ஹெல்த் செயலியில் இயர்போனில் எத்தனை டெசிபலில் எவ்வளவு நேரம் கேட்டீர்கள் என்ற பதிவு இருக்கும். அந்த வசதி இல்லாதவர்கள் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்தப் பேருந்தில், வால்யூம் எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகலாம். ‘கொஞ்ச நேரம்தான் கேட்பேன் டாக்டர்’ என்பதைவிட அந்தத் தாள் மருத்துவருக்கு உதவும்.