காற்றுத் துப்பாக்கியும் குடியானவரும்

சோளக்கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் கிளிக்கூட்டம் கொல்லையில் இறங்கும்போது, நிலக்காரர் மனத்தில் எழும் முதல் எண்ணம், "கையில் ஒரு துப்பாக்கி இருந்தால்!" என்பதே. உரிமம் வேண்டாத காற்றுத் துப்பாக்கி சில ஆயிரம் ரூபாய்க்குக் கடையில் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டதும் அவ்வெண்ணம் உறுதிப்பட்டுவிடுகிறது. வாங்கிய பின்னர் நிகழ்வது பெரும்பாலும் ஒன்றே. கிளி குறைவதில்லை, துப்பாக்கியும் ஓராண்டுக்குள் ஸ்பிரிங் முறிந்து பரண்மேல் ஏறிவிடுகிறது. நடுவில் அது வீட்டுப் பிள்ளைகள் கையில் அகப்பட்டுவிட்டால் நேரக்கூடிய துன்பத்தைச் சொல்லவேண்டுவதில்லை. ஆகவே, இக்கருவி எதற்கு ஆகும், எதற்கு ஆகாது, வைத்திருப்பவர் அதை எங்ஙனம் ஆளவேண்டும் என்பவற்றை இங்கே எடுத்துரைப்போம்.

கருவியின் அமைப்பு

விலை குறைந்த காற்றுத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை குழலை நடுவில் மடித்து இழுக்கும் வகையைச் சேர்ந்தவை. இதில் வெடிமருந்து இல்லை. குழலைக் கீழ்நோக்கி மடிக்கும்போது, அதனோடு பிணைந்த ஓர் இரும்புக் கை, சிலிண்டரில் உள்ள பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளி, வலுவான ஸ்பிரிங் ஒன்றைச் சுருக்குகிறது. "கிளிக்" என்ற ஓசையுடன் பிஸ்டன் விசையில் மாட்டிக்கொள்ளும். குழலின் பின்வாயில் ஓர் ஈயக்குண்டை இட்டுக் குழலை நிமிர்த்தி மூடவேண்டும். விசையை இழுத்தவுடன் ஸ்பிரிங் விடுபட்டுப் பிஸ்டன் முன்னே பாய்கிறது. அதன் முன்னுள்ள காற்று நெருக்குண்டு, சிறு துளை வழியாகக் குண்டை உந்தித் தள்ளுகிறது.

சாதாரணக் குண்டின் எடை ஏறக்குறைய அரை கிராம். அது விநாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் புறப்படுமாயின் அதன் ஆற்றல் சுமார் 10 ஜூல் ஆகும். சிறிய ரகத் தோட்டாத் துப்பாக்கியான .22 ரைபிளின் ஆற்றல் இதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். இவ்வொப்பீட்டிலிருந்து காற்றுத் துப்பாக்கியின் வலிமை எவ்வளவு சிறியது என்பது விளங்கும். ஆனால் சிறியது என்பதால் அபாயமற்றது என்று கொள்ளலாகாது. மனிதர் கண்ணைத் துளைப்பதற்கு அக்குண்டின் முழு வேகத்தில் பாதிகூட வேண்டுவதில்லை. மேல்நோக்கிச் சுட்ட குண்டு 200 மீட்டருக்கு அப்பாலும் சென்று விழக்கூடும்.

சட்டம் கூறுவது

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், அதன் கீழ் ஏற்பட்ட 2016ஆம் ஆண்டின் விதிகளும் நம் நாட்டில் இதற்கு ஆதாரம். குழலின் துளை 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாமலும், ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாமலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டியதில்லை. 5.5 மில்லிமீட்டர் துளையுள்ளது உரிமம் இன்றி வைத்திருக்கத்தக்கதன்று. ஆதலால் வாங்கும்போது துளையின் அளவைக் கேட்டறிந்து, அளவு குறிக்கப்பட்ட ரசீதைப் பெற்று, அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ரசீதின்றிப் பழைய துப்பாக்கியை வாங்குவதும், ஸ்பிரிங்கை மாற்றி வலிமையைக் கூட்டுவதும் வம்பை விலைக்கு வாங்குவதாகும்.

உரிமம் வேண்டாம் என்பதற்கு எதையும் சுடலாம் என்பது பொருளன்று. இவ்விடத்திலேயே பலர் தவறுகின்றனர். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கொல்வது மட்டும் வேட்டையன்று. காயப்படுத்துவதும், அதற்கு முயல்வதும் வேட்டையே. மயில், பச்சைக்கிளி, மைனா, புறா, கவுதாரி, முயல் யாவும் அச்சட்டத்தின் காப்பில் உள்ளவை. மயில் முதல் அட்டவணையில் உள்ளது. அதை வேட்டையாடினால் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. முன்னர் காகம், பழந்தின்னி வௌவால், எலி ஆகியவை தீங்குயிர்கள் என்று தனி அட்டவணையில் இருந்தன. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அவ்வட்டவணையே நீக்கப்பட்டது. எனவே, "காகத்தைச் சுட்டால் கேள்வியில்லை" என்னும் பழைய பேச்சை நம்பியிருத்தல் தகாது. நாய், மாடு, ஆடு இவற்றின்மேல் குண்டு விடுதல் 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும்.

பயிர்க்காவலுக்கு ஆகுமா?

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கணக்கும் இதற்கு இடங்கொடுப்பதில்லை. குழல் நோக்கும் நேர்க்கோட்டிலிருந்து குண்டு 10 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 1 சென்டிமீட்டரும், 20 மீட்டரில் 5 சென்டிமீட்டரும், 30 மீட்டரில் 13 சென்டிமீட்டரும் தாழ்கிறது. தூரத்தைக் கண்ணால் மதிப்பிடுவதில் ஐந்து மீட்டர் பிசகினாலும் குறி தவறிவிடும். அரை கிராம் குண்டைச் சிறு காற்றும் பக்கவாட்டில் ஒதுக்கும். ஒரு கிளியை வீழ்த்தினாலும் நூறு கிளி மறுநாள் வரும். இத்துப்பாக்கியின் ஓசையோ, பறவை அஞ்சி ஓடும் அளவு பெரிதன்று. அதைவிடத் தகரத்தைத் தட்டும் ஓசை பெரிது.

காட்டுப்பன்றிக்கும் குரங்குக்கும் இது சற்றும் பயன்படாது. குண்டு தோலுக்குள் தங்கிப் புண்ணாகி, அப்பிராணி பல நாள் துன்புற்று இறக்கும். அதனால் தோட்டத்தின் சேதம் ஒரு படியும் குறையாது.

எலியின் சங்கதியும் அப்படியே. பெண் எலி மூன்று வாரச் சூலில் பல குட்டிகளை ஈனும் பிராணி. இராமுழுதும் விளக்கும் துப்பாக்கியுமாகக் களத்தில் விழித்திருந்து ஓரிரண்டைச் சுடுவதைக் காட்டிலும், வரப்பில் தஞ்சாவூர்க் கிட்டிகளை வரிசையாக வைத்துவிட்டு உறங்கச் செல்பவர் காலையில் மிகுதியான எலிகளை எடுப்பார். வயலில் ஆங்காங்கே குறுக்குக் கட்டையிட்ட கழிகளை நட்டுவைத்தால் கூகையும் ஆந்தையும் இரவில் அவற்றின்மேல் அமர்ந்து எலி பிடிக்கும். பகலில் கரிச்சான் அமர்ந்து புழு பிடிக்கும். கையில் துப்பாக்கி உள்ள சிறுவன் முதலில் குறிவைப்பது இத்தகைய பறவைகளையே. கழியின்மேல் அசையாது உட்கார்ந்திருக்கும் கரிச்சானைவிட எளிய குறி வேறு இல்லையல்லவா? அதைச் சுடுபவன் கூலி கேளாத காவல்காரனைச் சுடுகிறான்.

கிளிக்கும் மயிலுக்கும் பரண் காவல், மின்னும் நாடா, வலை, தகர ஓசை ஆகியவையே வழி. வனவிலங்குகளால் சேதம் ஏற்பட்டால், அன்றே இடத்தைப் படமெடுத்து, பரப்பை அளந்து, வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுப்பதே முறை.

பின் எதற்கு ஆகும்?

கண்ணுக்கும் கைக்கும் மனத்துக்கும் பயிற்சி தருவதற்கு ஆகும். அது சிறிய பயன் அன்று. 10 மீட்டர் காற்று ரைபிள் போட்டி 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக் முதல் நடைபெற்று வருகிறது. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இப்போட்டியில் தங்கம் வென்றார்; தனிநபர் போட்டியில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் ஆகிய இரண்டு ஒலிம்பிக்கிலும் இதே போட்டியில் நம் நாட்டின் சார்பில் கலந்துகொண்டார். போட்டியாளர் ஏந்தும் ரைபிள் விலையுயர்ந்த வேறு வகை என்பது உண்மை. ஆயினும் மூச்சை அடக்குதல், குறியை நிறுத்துதல், விசையை நெருடாமல் இழுத்தல் என்னும் அடிப்படைகளை மலிவான மடிகுழல் துப்பாக்கியிலேயே கற்கலாம். ஆர்வமுள்ள பிள்ளைகளை, சென்னை, கோயமுத்தூர், மதுரை முதலிய ஊர்களில் உள்ள ரைபிள் கிளப்புகளில் சேர்ப்பது நலம்.

வாங்கும்போது பார்க்கவேண்டியவை

குழலை மடித்து நிமிர்த்திப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்கவேண்டும். கீல் ஆடினால் அதை ஒதுக்குக. பின்வாயைச் சுற்றியுள்ள வாஷர் வெடிப்பின்றி இருத்தல் வேண்டும். காற்றுக் கசிவை அறிய எளிய உபாயம் ஒன்று உண்டு. மூட்டின்மேல் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை வைத்து, குண்டிட்டு, அபாயமற்ற திசையில் சுடுக. காகிதம் பறந்தால் வாஷர் கெட்டது என்று அறிக. வலிமை மிகுந்ததைத் தேடவேண்டாம். மடிப்பதற்கு எளிதானதே கைக்கு அடங்கும். அடங்குவதே குறி தவறாது.

சுடும் முறை

குண்டை இடும்போது ஒரு கை குழலை விடாமல் பற்றியிருக்க வேண்டும். ஸ்பிரிங் ஏறியிருக்கும் நிலையில் விசை தவறி இழுபட்டால், குழல் திடீரென்று மேலே அடித்து விரலை நசுக்கிவிடும். இவ்வகைத் துப்பாக்கி, வைத்திருப்பவருக்கே செய்யும் தீங்குகளில் இது முதன்மையானது.

குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்கு முன்பே, பிஸ்டனின் ஓட்டத்தால் துப்பாக்கி பின்னும் முன்னுமாகத் துள்ளும். அதை இறுகப் பிடித்தால் துள்ளல் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகிக் குறி சிதறும். ஆதலால் முன்கையை விரித்து, உள்ளங்கையில் கட்டை சும்மா கிடக்கும்படி தாங்கவேண்டும். குழலைச் சுவரின்மேலோ கல்லின்மேலோ சார்த்திச் சுடலாகாது. முன்குறியின் நுனி பின்குறியின் பள்ளத்தில் நடுவாகவும் சமமாகவும் நிற்க, பார்வை முன்குறியில் ஊன்றியிருக்க வேண்டும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையைச் சிறிது சிறிதாக இழுக்கவும்.

முதலில் 10 மீட்டரில் ஐந்து குண்டுகள் சுட்டுப் பார்க்கவும். ஐந்தும் ஓரிடத்தில் கூடி, ஆனால் வலப்புறம் விழுந்தால் பின்குறியை இடப்புறம் நகர்த்துக. தாழ விழுந்தால் உயர்த்துக. சிதறி விழுந்தால் குறியைத் தொடவேண்டாம். பிடியைத் திருத்துக, அல்லது வேறு வகைக் குண்டை இட்டுப் பார்க்க. ஒரு துப்பாக்கிக்கு ஒத்த குண்டு மற்றொன்றுக்கு ஒவ்வாது. ஐந்து குண்டும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கினால் கருவியும் நீங்களும் தேறியதாகக் கொள்ளலாம்.

இலக்கின் பின்னால் பழந்துணி திணித்த மரப்பெட்டியோ மணல் மூட்டையோ இருத்தல் அவசியம். கல், இரும்பு, மரக்கட்டை இவற்றில் பட்ட குண்டு திரும்பிவந்து சுட்டவரையே தாக்கும். இலக்குக்குப் பின்புறம் நடைபாதையோ களமோ இருக்கலாகாது.

பராமரிப்பு

குண்டு இடாமல் வெறுமனே சுடலாகாது. தடுக்கும் குண்டு இல்லாமையால் பிஸ்டன் சிலிண்டரின் முனையில் மோதி, வாஷரும் ஸ்பிரிங்கும் கெடும். மடித்தபடியே நெடுநேரம் வைத்தால் ஸ்பிரிங் வலிமை இழக்கும். சிலிண்டருக்குள் மண்ணெண்ணெயோ தையல் யந்திர எண்ணெயோ விடுதல் பெருந்தவறு. நெருக்குண்ட காற்றின் சூட்டில் அவ்வெண்ணெய் டீசல் எஞ்சினில்போல் எரிந்து வெடித்து உறுப்புகளை முறிக்கும். கீலுக்கு மாத்திரம் சிறிது கிரீஸ் போதும். துள்ளலினால் கட்டையின் திருகாணிகள் தளரும். ஐம்பது குண்டுக்கு ஒருமுறை முடுக்கிக்கொள்க. மழைக்காலத்தில் வெளிப்புறத்தை எண்ணெய்த் துணியால் துடைத்து வைக்கவும்.

குண்டுகள் ஈயத்தால் ஆனவை. அவற்றை வாயில் கவ்வி வைத்துக்கொள்ளும் வழக்கம் சிலரிடம் உண்டு. ஈயம் உடலில் சேர்ந்து, முக்கியமாகக் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் விஷம். சுட்டபின் கையைக் கழுவாமல் உணவு கொள்ளலாகாது.

வீட்டுத் தலைவரின் கடமை

துப்பாக்கி ஒரு பெட்டியிலும், குண்டு வேறொரு பெட்டியிலும் பூட்டியிருத்தல் வேண்டும்; சாவி பெரியவர் மடியில் இருத்தல் வேண்டும். பெரியவர் அருகில் இல்லாமல் பிள்ளைகள் அதைத் தொடலாகாது. குண்டு இல்லை என்று அறிந்திருந்தாலும் மனிதர்மேல் நீட்டக்கூடாது. சாலையிலும் சந்தையிலும் திருவிழாவிலும் உறையிலிடாமல் எடுத்துச் செல்லலாகாது. கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் தங்கள் ஊரில் இக்கருவி வைத்திருப்போரை அழைத்து, மேலே சொன்ன சட்டங்களை ஒருமுறை நயமாக எடுத்துச் சொல்வார்களாயின், பின்னால் வழக்கும் வைத்தியச் செலவும் மிஞ்சும்.

சுருங்கச் சொன்னால், பயிரைக் காக்க இதை வாங்குபவர் பணத்தையும் இழந்து சட்டத்திலும் சிக்குவார். கண்ணும் கையும் தேறுவதற்காக வாங்கி, பூட்டி வைத்து, பெட்டி இலக்கில் மட்டும் சுடுபவருக்கு அது பல்லாண்டு உழைக்கும். எலிக்குக் கிட்டியும், புழுவுக்குக் கரிச்சானும், கிளிக்குப் பரணும், துப்பாக்கிக்குக் காகித இலக்கும் என்று வகுத்துக்கொள்வாராக.