பேரப்பிள்ளைகளை விட்டுவிட்டு ஊழியத்துக்குப் போகும் தாத்தா பாட்டி

எங்கள் தெருவில் நான்காவது வீட்டில் ஒரு மாதமாகப் பேக்கிங் நடக்கிறது. அவருக்கு வயது 67, அந்த அம்மாவுக்கு 65. பேரப்பிள்ளைகள் மொத்தம் பதினோரு பேர். அடுத்த மாதம் இரண்டு பேரும் ஆப்பிரிக்காவின் கானா நாட்டுக்குக் கிளம்புகிறார்கள். டூர் இல்லை, பிள்ளை வீட்டுக்கும் இல்லை. 18 மாதம் தங்கள் சபைக்காக வேலை செய்யப் போகிறார்கள். சம்பளம் கிடையாது. வாடகை, சாப்பாடு எல்லாம் சொந்தக் காசு.

நான் இருப்பது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், லீஹை என்கிற ஊரில். சாஃப்ட்வேர் கம்பெனிகள் வரிசையாக வந்துவிட்டதால் இந்தப் பகுதிக்கு ‘சிலிக்கான் ஸ்லோப்ஸ்’ என்று பெயர். கம்பெனிகள் வந்தால் நம்ம ஆட்களும் வருவோம்தானே, அப்படி வந்த குடும்பம்தான் எங்களுடையதும். ஆனால் இந்த மண்ணின் அடிப்படை மார்மன் சபை. லீஹை என்பதே மார்மன் புத்தகத்தில் வரும் ஒரு தீர்க்கதரிசியின் பெயர்தான்.

1830-ல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய சபை இது. போன இடமெல்லாம் எதிர்ப்பு. கடைசியில் பிரிகாம் யங் தலைமையில் 1847 ஜூலையில் சால்ட் லேக் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தார்கள். ஜூலை 24 இன்றும் இங்கே அரசு விடுமுறை. ‘மார்மன்’ என்று சொல்லாமல் ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’ என்ற முழுப்பெயரைச் சொல்லுங்கள் என்று 2018 முதல் சபை அழுத்திக் கேட்டுக்கொள்கிறது. வாசகர்களுக்குப் பழகிய பெயர் என்பதால் நான் பழையதையே எழுதுகிறேன்.

வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்பு நிறப் பெயர்ப் பட்டை. இப்படி இரண்டு இரண்டு பேராக நடந்தோ சைக்கிளிலோ போகும் இளைஞர்களை வெளிநாட்டுத் தமிழர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். பையன்களுக்கு 2 ஆண்டு, பெண்களுக்கு 18 மாதம். கல்லூரிக்கு நடுவில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் போவார்கள். பெங்களூரிலேயே 1993 முதல் இவர்களுடைய ஊழிய மையம் இருக்கிறது. இதுவரை பலருக்கும் தெரிந்த கதை. பணி ஓய்வு பெற்ற கணவன் மனைவியும் இதே மாதிரி பட்டையைக் குத்திக்கொண்டு கிளம்புவார்கள் என்பது, இங்கே குடிவரும் வரை எனக்கே தெரியாது.

இளைஞர்களுக்கு இருக்கும் கெடுபிடி பெரியவர்களுக்குக் கிடையாது. வீடு வீடாகக் கதவைத் தட்ட வேண்டியதில்லை. 6, 12, 18, 23 மாதம் என நான்கு கால அளவுகள். வெளிநாட்டுக்கு 18 மாதத்துக்குக் குறைவாகப் போனால் பயணச் செலவும் தங்களுடையது. செலவுக்குப் பயந்து பலர் தயங்கியதால், 2011-ல் வீட்டு வாடகைக்கு மட்டும் மாதம் 1,400 டாலர் என்று ஓர் உச்சவரம்பு வைத்தார்கள். அதற்கு மேல் போனால் சபை பார்த்துக்கொள்ளும். விருப்பமான நாட்டைச் சொல்லலாம், ஆனால் எங்கே போவது என்பதைச் சபைதான் முடிவு செய்யும்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கவுண்டியின் குடிநீர்த் துறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். அந்த அம்மா தொடக்கப் பள்ளி டீச்சர். ஒரு மாதமாக அவர்கள் ஓடும் ஓட்டத்தைப் பார்க்கிறேன். கானாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம், மலேரியாவுக்கு மாத்திரை வேறு. மெடிகேர் பொதுவாக அமெரிக்காவுக்கு வெளியே செல்லாது, அதனால் தனி இன்ஷூரன்ஸ். இரண்டு பேருக்கும் பல் வைத்தியம், கண் பரிசோதனை. உயில் எழுதி, பேங்க் விவகாரங்களுக்கு மூத்த மகன் பெயரில் பவர் ஆஃப் அட்டர்னி. வீட்டில் கடைசி மகன் குடும்பம் இருக்கும். காரை விற்றாகிவிட்டது. ‘தக்காளிச் செடிக்கு எந்த நாள் தண்ணி’ என்று ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பட்டியல்.

போன ஞாயிற்றுக்கிழமை பெட்டி எடை பார்க்கும் தராசைக் கேட்டு வந்தார். இந்தத் தெருவில் அது யார் வீட்டில் இருக்கும் என்று அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது! பெட்டிக்கு 23 கிலோ கணக்கை நம்மைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? கூடவே போய்த் தூக்கிப் பார்த்தேன். ஒரு பெட்டியில் பாதி, ஃபோனில் எடுத்துப் பிரிண்ட் போட்ட பேரப்பிள்ளைகளின் படங்கள். “இதை எடுத்துட்டா கணக்கு சரியாயிடும்” என்றேன். அந்த அம்மா இரண்டு ஜோடி ஷூவை எடுத்து வெளியே வைத்தார்.

அங்கே போய் என்ன வேலை? இவர்களுக்கு வாய்த்திருப்பது வம்சாவளிப் பதிவு. குடும்ப உறவு மரணத்துக்குப் பிறகும் தொடரும் என்பது மார்மன்களின் நம்பிக்கை. அதனால் முன்னோர் பெயர்களைத் தேடுவது அவர்களுக்கு மதக் கடமை. 1894-லேயே இதற்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதுதான் இன்றைய ஃபேமிலிசர்ச். உலகம் முழுக்கச் சேகரித்த 24 லட்சம் மைக்ரோஃபிலிம் சுருள்களை டிஜிட்டலாக்கும் வேலை 2021-ல் முடிந்தது. எந்த மதத்தவரும் இலவசமாகத் தேடலாம். கானா போன்ற நாடுகளில் பல குடும்பங்களின் வம்சாவளி காகிதத்தில் இல்லை, ஊர்ப் பெரியவர்களின் நினைவில் இருக்கிறது. உள்ளூர் ஆட்கள் கிராமம் கிராமமாகப் போய் அந்தப் பெரியவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்கிறார்கள். அந்தப் பதிவுகள் ஒழுங்காக வந்து சேர்கிறதா என்று பார்ப்பது இந்தத் தம்பதியின் வேலை. ஒரு பெரியவர் இறந்தால் பத்துத் தலைமுறைப் பெயர்கள் கூடவே போய்விடலாம் என்கிறார் அவர்.

எல்லாவற்றையும் தலையாட்டி ஏற்றுக்கொள்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சேகரித்த பெயர்களை வைத்து, இறந்தவர்களுக்காக உயிரோடிருப்பவர்கள் ஞானஸ்நானம் பெறும் சடங்கு இவர்களிடம் உண்டு. நாஜிகள் கொன்ற யூதர்களின் பெயரிலும் அது நடந்து, பெரிய பிரச்சினையாகி, 1995-ல் யூத அமைப்புகளோடு ஓர் உடன்பாடு வந்தது. கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவம் கொடுக்கவே 1978 வரை ஆனது. இப்போது அதே சபை கானாவில் வேலை செய்கிறது. நான் கோயிலுக்குப் போகிறவன், நாளைக்கும் அப்படித்தான். இதையெல்லாம் அவரிடமே பேசியிருக்கிறேன். மறைக்காமல் பதில் சொல்வார். ஒத்துப்போகாத இடத்தில் விட்டுவிடுவோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பென்ஷன், சேமிப்பு, ஓரளவு ஆரோக்கியம், வீட்டைப் பார்த்துக்கொள்ளப் பிள்ளைகள், இவ்வளவும் இருந்தால்தான் இப்படிக் கிளம்ப முடியும். எல்லாராலும் ஆகிற காரியமில்லை.

என்னை யோசிக்க வைத்தது வேறொரு விஷயம். அவர்களுடைய மகளுக்கு வசந்த காலத்தில் குழந்தை பிறக்கப் போகிறது. “அவளுக்குக் கோபம்தான்” என்றார் அந்த அம்மா. “எனக்கும் அழுகைதான் வருது. ஆனா அவகிட்ட நாங்க அனுமதி கேக்கலை. தேதியைச் சொன்னோம்.”

இந்த வாக்கியத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பிரசவத்துக்கு ஆறு மாதம் பெண்ணைப் பெற்றவர்கள், அவர்கள் கிளம்பும் வாரத்தில் பையனைப் பெற்றவர்கள். ரிலே ரேஸ் மாதிரி. வருகிறவர்களுக்கு கார் ஓட்டத் தெரியாது, பனியில் நடக்கப் பயம், பேச ஆள் இல்லை. அறுபது வயது வரை ஆபீஸில் பத்துப் பேரை மேய்த்தவர், இங்கே வந்து டயப்பர் வாங்கக்கூட மகன் வரும்வரை காத்திருக்கிறார். பாசம் இல்லாமல் யாரும் வருவதில்லை, பாசத்தோடுதான் வருகிறார்கள். நம் டேகேர் பில் மிச்சமாவதும் உண்மை. அந்த ஆறு மாதத்தில் அவர்களுக்கு ஊரில் என்ன வேலை இருந்தது என்ற பேச்சு மட்டும் எழுவதே இல்லை. ஓய்வு பெற்றவர்களுக்கு என்ன வேலை என்று ஒரு நினைப்பு.

எங்களுக்கும் மார்ச்சில் இரண்டாவது குழந்தை. டிக்கெட் பேசுவதற்கு முன்னால் கோவில்பட்டிக்கு ஃபோன் போட்டேன். “அந்த மாசங்கள்ல உங்களுக்கு என்ன வேலை இருக்கும்மா?” அம்மா, “எங்களுக்கென்னப்பா வேலை, நீ எப்ப சொல்றியோ அப்ப” என்றார். பின்னாலிருந்து அப்பா குரல்: “பத்தாவது பரீட்சை முடியணும்ல?”

மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் அப்பா. வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். காசு வாங்குவதில்லை. இந்த வருஷம் பதினாலு பேர். ஏழு பேர் காலாண்டில் ஃபெயில். “இதுகளை நடுவுல விட்டுட்டு எப்படிடா வர்றது?” என்று கேட்டார். வர மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை, நான் வற்புறுத்தினால் வந்துவிடுவார்.

வற்புறுத்தவில்லை. மார்ச்சில் மாமியார் வருகிறார், அவரே ஆசைப்பட்டுத்தான். எனக்கு ஆறு வாரம் லீவு இருக்கிறது. பெரியவளை டேகேரில் சேர்க்கிறோம். பில் அதிகம்தான், இந்த வருஷம் ஊருக்குப் போவது கிடையாது. பரீட்சை முடிந்து, பிள்ளைகள் கணக்குப் பேப்பரை எப்படி எழுதினார்கள் என்று கேட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் மே மாதம் வருவார்கள். என் மனைவிக்கு இதில் முழுத் திருப்தி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் மாதத்தில் இரண்டு பாட்டிகளும் பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும் என்பது அவள் எண்ணம். அதுவும் நியாயம்தான்.

நம் பெற்றோர் கானாவுக்குக் கிளம்ப வேண்டாம். கோயில் திருப்பணியோ, திண்ணை டியூஷனோ, இத்தனை வருஷம் தள்ளிப்போட்ட காசி யாத்திரையோ, அவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கும். கேட்காமல் அது வெளியே வராது. முதல் தடவை கேட்டால் “எங்களுக்கென்ன வேலை” என்றுதான் பதில் வரும். இன்னொரு தடவை கேளுங்கள். டிக்கெட் அதற்குப் பிறகு போடலாம்.