சுருட்டை முடிக்கு மட்டும் ஏன் கடைசி வரிசை?

1981-இல் வந்த ‘டாங்கி காங்’ விளையாட்டில் மரியோவின் தலையில் தொப்பி ஏறியதற்குக் காரணம் முடிதான். கையிலிருந்த கொஞ்சம் புள்ளிகளுக்குள் தலைமுடியை வரைவதும், அவன் குதிக்கும்போது அதை அசைத்துக் காட்டுவதும் பெரும்பாடு என்று அவனை உருவாக்கியவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இன்று ‘தி சிம்ஸ் 4’ என்ற கணினி விளையாட்டை ஆடும் பள்ளி மாணவிகள்கூடத் தங்கள் கதாபாத்திரங்களுக்குத் தாங்களே முடி செய்து மாட்டுகிறார்கள். இதற்குப் பணம் கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. 2002-இலிருந்து திறந்த மூலமாகக் கிடைக்கும் முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரும், சிம்ஸ் ரசிகர்களே செய்து வைத்திருக்கும் ஓர் இலவசக் கருவியும் போதும்.

புதிதாக வருகிறவர்களுக்கு மொட்டைத் தலையிலிருந்து ஆரம்பிக்கத்தான் ஆசை இருக்கும். அந்த ஆசையைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் இரண்டு முடிகளை எடுத்து, ஒன்றின் முன்நெற்றியையும் இன்னொன்றின் கொண்டையையும் வெட்டி ஒட்டிப் பாருங்கள். ரசிகர்கள் இதை ‘ஃபிராங்கன்மெஷ்’ என்கிறார்கள். குறுக்குவழி என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. ஆனால் முடி தலையோடு எப்படிப் பிணைந்திருக்கிறது என்பதை இதைவிட நன்றாகக் கற்றுத்தரும் பாடம் வேறில்லை. இன்னொரு ரசிகர் உழைத்துச் செய்த முடியை மட்டும் அவர் அனுமதி இல்லாமல் தொடாதீர்கள்.

மனிதத் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் இழைகள் உண்டு. அத்தனையையும் சாதாரண மடிக்கணினி தாங்காது. ஆகவே விளையாட்டில் முடி என்பது பட்டை பட்டையான கற்றைகள். அவற்றின் மேல் முடி வரைந்த ஒரு படம் போர்த்தப்படுகிறது. இதில் இரண்டு கட்சிகள். ‘மேக்சிஸ் மேட்ச்’காரர்கள் விளையாட்டின் பாணியிலேயே தடித்த கற்றைகளாகச் செய்கிறார்கள். ‘ஆல்ஃபா’காரர்கள் ஒளிபுகும் படங்களை அடுக்கி, இழை இழையாகத் தெரிய வைக்கிறார்கள். ஆல்ஃபா கண்ணைப் பறிக்கும், மறுக்கவில்லை. ஆனால் அடுக்குகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு சில கோணங்களில் மாயமாகிவிடும். பழைய கணினி மூச்சுத் திணறும். தொடக்கத்தில் தடித்த கற்றைதான் நல்லது.

வடிவம் வந்துவிட்டால் முடி முடிந்துவிட்டது என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். கதாபாத்திரத்துக்கு உள்ளே ஓர் எலும்புக்கூடு இருக்கிறது. முடியின் ஒவ்வொரு புள்ளியும் எந்த எலும்போடு எவ்வளவு நகர வேண்டும் என்று எழுதி வைக்க வேண்டும். அதற்கு ‘வெயிட்’ என்று பெயர். உச்சிமுடி முழுக்கத் தலையெலும்போடு போகும். தோளில் விழும் முடிக்குத் தலையில் பாதி, முதுகெலும்பில் பாதி. கணக்குப் பிசகினால் கதாபாத்திரம் குனியும்போது முடி ரப்பராக இழுபடும். இல்லையென்றால் தோளுக்குள் புகுந்துவிடும். இன்னொரு கண்ணி, இடம். உடல், உடை, முடி எல்லாமே 1024-க்கு 2048 அளவுள்ள ஒரே படத்தைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. முடிக்கு ஒதுக்கிய எல்லையைத் தாண்டினால் உங்கள் கூந்தல் கதாபாத்திரத்தின் சட்டையில் படிந்து நிற்கும். தொப்பி போட்டால் எந்தப் பகுதி மறைய வேண்டும், தூரத்திலிருந்து பார்த்தால் எவ்வளவு எளிமையாகத் தெரிய வேண்டும் என்பதெல்லாம் இதற்குப் பிறகு வரும் வேலைகள். பொறுமை இருந்தால் போதும்.

இதுவரை சொன்னது பெரும்பாலும் நேரான முடிக்கான பாடம். தொடக்கநிலைப் பாடங்களில் பெரும்பாலானவை இங்கேயே நின்றுவிடுகின்றன. பிளெண்டரில் ஒரு வளைகோடு போட்டு, தடிமன் கொடுத்து, நுனியைக் கூராக்கினால் நேர்முடிக் கற்றை தயார். சொல்லிக்கொடுக்க எளிது, பார்க்கவும் அழகு. இதையே பழகுகிற கைக்கு, முடி என்றால் மேலிருந்து கீழே விழுவது என்றே பதிந்துவிடுகிறது. ஆப்பிரிக்க வம்சாவளியினரின் நெருங்கிச் சுருண்ட முடி அப்படி விழாது. அது வெளிநோக்கி வளரும். அதற்கு உயிர் கொடுப்பது அதன் பருமனும் விளிம்பும்தான்.

அந்தச் சுருளின் வடிவமே வேறு. வலப்பக்கம் சுற்றிக்கொண்டு வரும் இழை நடுவழியில் இடப்பக்கம் திரும்பிச் சுற்றத் தொடங்கும், பழைய தொலைபேசிச் சுருள் கம்பியில் பார்த்திருப்போமே, அதைப்போல. இத்தகைய இயல்புகளை இனம்பிரித்து, கணினியில் எப்படி உருவாக்கலாம் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் விரிவாக எழுதியது 2024-இல்தான். கணினி வரைகலையில் முடிகளின் மேல் ஒளி விழுவதற்கான புகழ்பெற்ற சூத்திரம் வந்த ஆண்டு 1989. இடையில் 35 ஆண்டுகள்! இந்த இடைவெளிதான் என்னை உறுத்துகிறது. வல்லுநர்களே இவ்வளவு காலம் தள்ளிப்போட்ட ஒன்றை, வீட்டில் தனியாக உட்கார்ந்து பழகும் பிள்ளை தள்ளிப்போடுவதில் வியப்பென்ன?

அந்தக் குறையை நிரப்பியவர்களில் முன்னால் நின்றவர்கள் கறுப்பின ரசிகைகள். தங்களைப் போன்ற பெண்ணை விளையாட்டில் உருவாக்க முடியாதபோது, தலையோடு ஒட்டிப் பின்னும் கார்ன்ரோ பின்னலையும் உருண்டையாக நிற்கும் ஆஃப்ரோவையும் தாங்களே செய்து பகிர்ந்தார்கள். தோல் நிறத்திலும் இதே தாமதம்தான்: விளையாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட தோல் நிறங்கள் சேர்ந்தது 2020 டிசம்பரில். கறுப்பினக் கலைஞர்கள் செய்த முப்பரிமாண முடிகளை இலவசமாகத் தரும் ஒரு நூலகம் 2023-இல் கலிஃபோர்னியக் கலைஞர் ஒருவரின் முயற்சியால் பிறந்தது. புதிதாகக் கற்பவர்கள் அங்கே போய் ஒவ்வொரு முடியையும் சுழற்றிச் சுழற்றிப் பார்க்க வேண்டும்.

நேர்முடியில் கை பழகட்டும், சுருள்முடிக்குப் பிறகு போகலாம் என்பார்கள். கொஞ்சம் நியாயம்தான். ஆனால் அந்தப் ‘பிறகு’ வராமலே பலர் அடுத்த பொழுதுபோக்குக்குப் போய்விடுகிறார்கள்.

அதனால் உங்கள் இரண்டாவது முடியே ஒட்ட வெட்டிய சிறு ஆஃப்ரோவாக இருக்கட்டும். நீள முடியின் தொல்லைகள் இதில் இல்லை. வெயிட் முழுவதும் தலையெலும்புக்கே. உருண்டை வடிவில் தொடங்கி, விளிம்பு முழுக்கச் சிறு சுருள்களைச் சமமில்லாமல் நீட்டிவிடுங்கள். நேர்முடியில் இழைகள் ஒரே திசையில் படுத்திருப்பதால் ஒளி ஒரு பட்டையாக மின்னும். சுருள்முடியில் அது சிதறிவிடும். பழக்கதோஷத்தில் அந்த மின்னல் பட்டையை வரைந்தால் தலை பிளாஸ்டிக்காகிவிடும்.

பின்னல் செய்யும் கட்டம் வரும்போது வகிட்டில் தெரியும் உச்சந்தலைக்கு வண்ணம் பூசாதீர்கள். அந்த இடத்தை ஒளிபுகும்படி விட்டுவிட்டால் கதாபாத்திரத்தின் சொந்தத் தோலே அங்கே தெரியும். எந்த நிறத்தோடும் ஒட்டும். பூசினால் ஒரே ஒரு நிறத்துக்குத்தான் அந்த முடி பொருந்தும்.

விளையாட்டின் முடிகளுக்கு 24 வண்ணங்கள் இருக்கின்றன. பழுப்பில் வரைந்துவிட்டு அதையே இருட்டாக்கிக் கருப்பு செய்வது பலரின் வழக்கம். அப்படிச் செய்யும்போது சுருள்கள் எல்லாம் கரைந்து வெறும் கருந்திட்டு மிஞ்சும். கருப்பை முதலில் வரையுங்கள். விளையாட்டுக்குள் நடுப்பகல் வெயிலிலும் இரவு விளக்கொளியிலும் கதாபாத்திரத்தை நிறுத்திப் பார்த்து, சுருள் சுருளாகத் தெரியும்வரை திருத்துங்கள். மற்ற 23-ஐ அதற்குப் பிறகு தொடுங்கள்.