கடவுச்சொல் கைரேகையா, வாக்குமூலமா?

சோதனைக்கு வந்த போலீஸுக்குக் கதவைத் திறக்க மறுத்தால் அவர்கள் பூட்டை உடைக்கலாம். குற்றவியல் நடைமுறை பற்றிய சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. கைப்பேசியின் கடவுச்சொல்லைச் சொல்ல மாட்டேன் என்று ஒருவர் வாயை மூடிக்கொண்டால்? பெங்களூருப் போதைப்பொருள் வழக்கு ஒன்றில் எழுந்த இந்தக் கேள்வி, அட்டாரா கச்சேரியில் இயங்கும் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2021 மார்ச் 12 அன்று நீதிபதி சூரஜ் கோவிந்தராஜ் தீர்ப்பளித்தார். சம்மதமில்லாமல் பொய் கண்டறியும் கருவிச் சோதனை நடத்தக் கீழ்நீதிமன்றம் போட்ட உத்தரவு செல்லாது. கடவுச்சொல்லைக் கொடுக்கச் சொல்வதோ, ஒருவரைத் தனக்கெதிராகவே சாட்சி சொல்ல வைப்பதாகாது. கைப்பேசிக்குள் தேட நீதிமன்ற வாரண்ட் வேண்டும், அவசரமென்றால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். இம்மூன்றையும் மனப்பாடம் செய்த சட்ட மாணவர் தேர்வில் தேறிவிடுவார். ஆனால் பொய் கண்டறியும் கருவி துழாவுவதும் மனதுக்குள்தான், கடவுச்சொல் கிடப்பதும் மனதுக்குள்தான். ஒன்று கூடாது, மற்றது கூடும் என்று ஒரே தீர்ப்பு எப்படிச் சொல்கிறது? வகுப்பு தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் விடை இருக்கிறது. சோதனை, பறிமுதல் பற்றி அமெரிக்க அரசியலமைப்பில் உள்ளதுபோல் தனியொரு பிரிவு நம்முடையதில் இல்லை. நம் நீதிபதிகளின் கையில் இருப்பவை, குற்றம் சாட்டப்பட்ட எவரையும் தனக்கெதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்னும் 20(3)ஆவது பிரிவும், உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் காக்கும் 21ஆவது பிரிவும்தான். சட்டச் சொற்கள் இப்படிச் சுருக்கமாக நிற்கும்போது சுமையை ஒப்புமைகளே தூக்குகின்றன. 1954இல் டால்மியா குழும நிறுவனங்கள் தொடர்பாக 34 இடங்களில் நடந்த சோதனைகளை எதிர்த்த எம்.பி. சர்மா வழக்கில், 8 நீதிபதிகள் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கண்டார்கள். ஆவணத்தைக் கொண்டுவா என்று ஒருவருக்கு நோட்டீஸ் கொடுத்தால், கொண்டுவருவது அவர் செயல். சோதனை வாரண்டோ அதிகாரிக்குப் போகிறது. தேடுவதும் எடுப்பதும் அதிகாரியின் செயல், வீட்டுக்காரர் சும்மா நிற்கிறார். ஆகவே சோதனை சாட்சியம் ஆகாது. 1961இல் காத்தி காலு ஓகத் வழக்கில் 11 நீதிபதிகள் கைரேகையும் கையெழுத்து மாதிரியும் சாட்சியம் அல்ல என்றார்கள்; அவை ஒருவர் அறிந்த செய்தி எதையும் வெளியிடுவதில்லை. 2010இல் கர்நாடகத்திலிருந்து போன செல்வி வழக்கில், மருந்து கொடுத்துப் பேசவைக்கும் நார்கோ சோதனையும் பொய் கண்டறியும் சோதனையும் ஒருவர் மனதில் உள்ளதையே பிடுங்குகின்றன, சம்மதமின்றிக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது.

இப்போது கடவுச்சொல்லை எந்த அலமாரியில் வைப்பது? கைரேகைக்குப் பக்கத்தில் வைத்தால் 2021 தீர்ப்பு கிடைக்கும். 'யார் செய்யும் செயல்' என்ற 1954ஆம் ஆண்டுக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் எதிர்த்திசையில் போகலாம்: வாய் திறந்து எண்ணைச் சொல்வது போலீஸ் அல்லவே! 2022இல் டெல்லி சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றம் ஒன்று, கடவுச்சொல்லைச் சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது என்றே முடிவெடுத்தது. என் சாய்வும் அந்தப் பக்கம்தான். கையைப் பிடித்து ரேகை எடுப்பதுபோல் மனதிலிருந்து எண்ணை எடுக்க முடியாது. 2014இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலும் எதை எதோடு ஒப்பிடுவது என்ற இதே இழுபறிதான். கைதானவரின் சட்டைப்பையில் இருந்த சிகரெட் பெட்டியைத் திறந்து பார்க்கலாம் என்றால் கைப்பேசியையும் பார்க்கலாமே என்பது அரசுத் தரப்பு. ரைலி வழக்கில் 9 நீதிபதிகளும் அதை ஏற்கவில்லை. வாழ்க்கை முழுவதும் அடங்கிய ஒன்றைச் சிகரெட் பெட்டியோடு சேர்க்க முடியாது என்றார்கள். தீர்ப்பைக் காட்டாமல் சங்கதிகளை மட்டும் மாணவரிடம் கொடுத்து, வீடா, கடிதமா, நாட்குறிப்பா, கைரேகையா, எதனோடு ஒப்பிடுவாய், ஏன் என்று கேட்பதுதான் உருப்படியான பயிற்சி.

இப்படிக் கற்பித்தால், நீதிபதி தனக்குப் பிடித்த ஒப்புமையை எடுத்துக்கொள்கிறார், சட்டம் வெறும் திரை என்ற அவநம்பிக்கை மாணவருக்கு வந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. பயம் நியாயமானதுதான். ஆனால் ஒப்புமையைக் காகிதத்தில் எழுதியாக வேண்டும். எழுதியது எதிர்வாதத்துக்கு ஆளாகும். 1962இல் கரக் சிங் வழக்கில், போலீஸ் இரவில் வீடு தேடி வருவது சுதந்திரத்துக்கு விரோதம் என்ற பெரும்பான்மை, அந்தரங்க உரிமை என்று ஒன்று நமக்கில்லை என்றும் சேர்த்து எழுதியது. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்பதை நீதிபதி சுப்பா ராவின் மாறுபட்ட தீர்ப்பு அப்போதே வெளிப்படுத்தியது. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி 2012இல் ஆதாரை எதிர்த்து வழக்குப் போட்டபோது, அரசு இந்தத் தீர்ப்பையும் எம்.பி. சர்மா தீர்ப்பையும்தான் கேடயமாகப் பிடித்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று 9 நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று அறிவித்து, எம்.பி. சர்மா, கரக் சிங் தீர்ப்புகளில் அந்த உரிமை இல்லை என்ற பகுதியை நீக்கினார்கள். நினைத்தபடி எழுதிவிட்டுப் போகலாம் என்றால் அதைத் துடைக்க 55 ஆண்டுகள் ஆகியிருக்குமா?

இன்னொரு ஆட்சேபம் நீதிமன்ற வராந்தாவிலிருந்து வருகிறது. 1973ஆம் ஆண்டு பூரன்மல் தீர்ப்பின்படி, முறைகேடான சோதனையில் கிடைத்த பொருளும் வழக்குக்குத் தொடர்புடையதென்றால் சாட்சியமாக ஏற்கப்படும். அமெரிக்காவைப்போல் ஒதுக்கித் தள்ளுவதில்லை. அப்புறம் எதற்கு இந்தத் தத்துவம்? ஏற்பது வேறு, நம்புவது வேறு என்பதே பதில். போதைப்பொருள் சட்டத்தின் 50ஆவது பிரிவுப்படி, சோதிக்கப்படுபவரிடம் மாஜிஸ்திரேட் அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் சோதனையைக் கேட்கும் உரிமை உண்டென்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்தப் பறிமுதலை மட்டும் நம்பித் தண்டிக்க முடியாது என்று 1999இல் பல்தேவ் சிங் வழக்கில் 5 நீதிபதிகள் தீர்த்தார்கள். விசாரணை நீதிபதி கையில் எடுப்பது தத்துவ நூலையல்ல, சோதனை இடத்தில் எழுத வேண்டிய மகஜரை. சோதனை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், சாட்சிகள் இருவர் அக்கம்பக்கத்தவரா, அரக்கு முத்திரை வைத்தது எங்கே என்று வரிவரியாகப் பார்க்கிறார். ஒரே பேனா, ஒரே கையெழுத்து, அடித்தல் திருத்தல் இல்லாத மகஜர் என்றால் ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதியதோ என்ற சந்தேகம் அனுபவசாலிக்கு வரும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆவது பிரிவு, சோதனையையும் பறிமுதலையும் வீடியோவாகப் பதிவு செய்யச் சொல்கிறது. அந்த வீடியோவை மாணவர் முன் ஓடவிட்டால் முதலில் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: கேமரா வாசற்படியில் ஓடத் தொடங்கியதா, பொட்டலம் மேசைக்கு வந்த பிறகா?