உஷார்! தொட்டில் கம்பியைப் பிடித்துக் குழந்தை எழுந்து நின்றுவிட்டதா?

தண்ணீர் வண்டி வந்துவிட்டது என்று எங்கள் லைன் வீடுகளில் யாரோ குரல் கொடுத்தார்கள். பேரன் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு வயது முடிந்து இரண்டு மாதம். இரண்டு குடங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தெருமுனைதான், கூப்பிட்டால் கேட்கும் தூரம். முதல் குடம் நிரம்பியதும் வீட்டில் வைத்துவிட்டு வரலாம் என்று வாசற்படி ஏறினால், தொட்டில் காலி.

சமையல் மேடைக்குக் கீழே வைத்திருந்த தண்ணீர் டப்பின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குதிகாலைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நெற்றியில் புளியங்கொட்டை அளவுக்கு வீக்கம். அழுது ஓய்ந்த முகம். தண்ணீரில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறான். என் கையிலிருந்த குடம் எப்போது கீழே விழுந்தது என்று எனக்கு இன்றுவரை ஞாபகம் இல்லை.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த டப்பில் முக்கால் அளவுக்குத் தண்ணீர் இருந்தது. நான் இன்னொரு குடத்துக்கும் வரிசையில் நின்றிருந்தால்? அன்றைக்கு இரவு முழுக்கத் தூங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். கோலார் தங்கவயலில் என்னைப்போல எத்தனை ஆயாக்கள் இருக்கிறோம்! 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடியதிலிருந்து இந்த ஊரின் பிழைப்பு பெங்களூரில்தான். மாரிகுப்பத்தில் விடியற்காலை ரயில் ஏறும் பெண்ணும் மருமகனும் கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் போய் வேலை செய்துவிட்டு இருட்டிய பிறகுதான் திரும்புகிறார்கள். அதுவரைக்கும் குழந்தை நம் கையில். தொட்டில்தான் நமக்கு இரண்டாவது கை. அந்தக் கையை நம்பித்தான் சோறு வடிக்கிறோம், துணி துவைக்கிறோம், தண்ணீர் பிடிக்கிறோம்.

கேளுங்கள்: குழந்தை கம்பியைப் பிடித்து முதல்முறை எழுந்து நின்ற நாளோடு அந்த நம்பிக்கை முடிந்துவிடுகிறது. பெரும்பாலும் எட்டு, ஒன்பது, பத்து மாதத்தில் அந்த நாள் வந்துவிடும். நாம் கைதட்டி, போட்டோ பிடித்து, பெங்களூருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். நானும் அனுப்பினேன். அன்றைக்கே ஸ்பானரை எடுத்து மெத்தையைக் கீழே இறக்கியிருக்க வேண்டும்.

கடையில் வாங்கும் மரத் தொட்டில்களில் பலவற்றில் மெத்தைப் பலகையை மாட்ட இரண்டு மூன்று உயரத்தில் ஓட்டைகள் இருக்கும். பிறந்த குழந்தையைக் குனியாமல் தூக்க மேல் ஓட்டை வசதி. குழந்தை உட்கார ஆரம்பித்ததும் ஒரு படி இறக்க வேண்டும். நிற்கப் போகிறது என்று தெரியும்போதே கடைசி ஓட்டைக்குப் போய்விட வேண்டும். அப்படி இறக்கிய பிறகு பலகையிலிருந்து மேல் சட்டம் வரை 26 அங்குலமாவது இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் வைத்திருக்கும் கணக்கு. டேப் வைத்து அளந்து பாருங்கள். எங்கள் வீட்டுத் தொட்டிலில் பலகை இன்னும் நடு ஓட்டையில்தான் இருந்தது. அதன்மேல் மெத்தை, மெத்தைமேல் குளிருக்கென்று மடித்துப் போட்ட கம்பளி வேறு. அந்த மடிப்பின்மேல் ஏறித்தான் காலைத் தூக்கிப் போட்டிருக்கிறான்.

சின்னக் குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பாரம். பிறக்கும்போது மொத்த நீளத்தில் கால்பங்கு தலைதான். அதனால் மேல் சட்டம் மார்புக்குக் கீழே வந்துவிட்டால், ஏற வேண்டும் என்று அது நினைக்கக்கூட வேண்டாம். கீழே விழுந்த கிலுகிலுப்பையை எட்டிப் பார்க்கக் குனிந்தாலே தலை இழுத்துக்கொண்டு போய்விடும். விழுவதும் தலைகுப்புறத்தான். நம் லைன் வீடுகளில் தரையும் சிமெண்டு. 1990 முதல் 2008 வரை அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்கு வந்த கணக்கை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். தொட்டில், விளையாட்டுக் கூண்டு போன்றவற்றில் அடிபட்டு வந்த இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் வருடத்துக்குச் சுமார் 9,500 பேர். அதில் மூன்றில் இரண்டு பங்கு விழுந்து வந்தவை. சட்டமும் சோதனையும் உள்ள நாட்டிலேயே இந்த நிலைமை.

தொட்டிலுக்குள் படிக்கட்டு ஆகக்கூடிய எதையும் வைக்காதீர்கள். தலையணை, பெரிய கரடி பொம்மை, மடித்த போர்வை, கம்பி ஓரமாகக் கட்டும் பஞ்சு மெத்தை எல்லாமே படிக்கட்டுதான். கைக்குழந்தைக்கு இவை மூச்சை அடைக்கும், வளர்ந்த பிறகு ஏற உதவும். எந்த வயதிலும் தொட்டிலுக்குள் அவற்றுக்கு வேலை இல்லை.

நடந்தது தெரிந்ததும் அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். ஆனால் அவற்றில் இரண்டு யோசனைகள் குழந்தையை விழுவதிலிருந்து காப்பாற்றி, அதைவிடப் பெரிய ஆபத்தில் கொண்டுபோய் விடும். பழைய புடவைக் கிழிசலால் இடுப்பையோ காலையோ கம்பியோடு கட்டிவைப்பது ஒன்று. வேண்டவே வேண்டாம். புரண்டு ஏறும் குழந்தையின் கழுத்துக்கு அந்தத் துணி வர ஒரு நிமிஷம் போதும். இன்னொன்று, கொசுவலையைத் தொட்டில்மேல் இறுக்கிக் கட்டி மூடிவிடுவது. இதையே கடைச் சரக்காகச் செய்து விற்ற நிறுவனம் ஒன்று அமெரிக்காவில் இருந்தது. அந்த நிறுவனத்தின் வலைக் கூடாரம் ஒன்றில் 2008-ல் ஒரு குழந்தை கழுத்து சிக்கி இறந்தது. 2012-ல் அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று அரசே அறிவித்துத் திரும்பப் பெற வைத்தது. கொசுவுக்குக் கட்டும் வலை தொங்காமல், குழந்தையின் கை இழுக்க முடியாத உயரத்தில் இருக்கட்டும். அதைப் பூட்டாக்காதீர்கள்.

நம் பக்கத்தில் தொட்டில் ஒரு வீட்டோடு நிற்பதில்லை. அக்காள் பிள்ளை, தங்கை பிள்ளை, எதிர் வீட்டுப் பிள்ளை என்று சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றட்டும், தப்பில்லை. வீட்டுக்குள் வந்ததும் பிடித்து நன்றாக ஆட்டிப் பாருங்கள். ஆணி, திருகு ஒன்று குறைந்தாலும் கயிறு போட்டுக் கட்டிச் சமாளிக்காதீர்கள். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் போகக்கூடாது. கம்பிக்குக் கம்பி ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். ஒரு பக்கத்துச் சட்டம் மேலும் கீழும் நகர்கிற மாதிரித் தொட்டில் வந்தால் வாங்காதீர்கள். அந்தச் சட்டம் கழன்று 2000-க்குப் பிறகு மட்டும் குறைந்தது 32 குழந்தைகள் இறந்ததால், 2011 ஜூனில் அமெரிக்காவில் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டார்கள்.

புடவையில் கட்டும் தூளி எங்களையெல்லாம் வளர்த்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் உட்காரத் தெரிந்த குழந்தைக்குத் தூளி கூடாது. எழுந்து உட்கார்ந்தால் கவிழும், கழுத்துத் துணியில் மாட்டும். அண்ணன், அக்காள் அதை முறுக்கி விளையாடிக் கழுத்து இறுகிய சம்பவங்கள் இந்திய மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. குழந்தை தூளியில் இல்லாதபோது புடவையை அவிழ்த்து எடுத்துவிடுங்கள், தொங்க விடாதீர்கள்.

இப்போது நான் பயப்படுகிற முக்கிய விஷயத்துக்கு வருகிறேன். இறங்கிய குழந்தை எங்கே போகும்? நம் வீடுகளில் ஒரே அறையில்தான் படுக்கையும் அடுப்பும் தண்ணீரும். குழாயில் என்றைக்குத் தண்ணீர் வரும் என்று நம்ப முடியாத ஊர், அதனால் கிடைத்தபோது கிடைத்த பாத்திரத்தில் எல்லாம் நிரப்பி வைக்கிறோம். ஒரு வயதுக் குழந்தை மூழ்கக் கிணறு வேண்டாம். வாளியின் அடியில் நாலு விரல் தண்ணீர் போதும். தலைகுப்புற விழுந்தால் தலைப் பாரத்தில் அதனால் நிமிர முடியாது, கத்தவும் முடியாது. பக்கத்தில் இருப்பவருக்குச் சத்தமே கேட்காது. அதனால் டப், வாளி எல்லாவற்றுக்கும் குழந்தை தூக்க முடியாத பாரமான மூடி. காலியானதைக் கவிழ்த்து வையுங்கள். குளிக்கிற இடத்துக் கதவுக்கு உயரத்தில் கொக்கி. தொட்டிலை ஜன்னல், பீரோ, அடுப்பு மேடை, தொங்கும் வயர் எதற்கும் எட்டாத தூரத்தில் நகர்த்துங்கள். அறை சின்னது, தெரியும். நகர்த்த இடமே இல்லையென்றால் மற்றதை நகர்த்துங்கள்.

விழுந்துவிட்டதா? வீக்கத்தை அழுத்தித் தேய்க்காதீர்கள். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியால் மெதுவாக ஒற்றுங்கள். மயக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் கண் திறக்காத தூக்கம், வலிப்பு, மூக்கிலோ காதிலோ ரத்தம் அல்லது தண்ணீர் மாதிரி ஒழுகுதல், கை கால் ஒரு பக்கம் தளர்வு, தலையில் கொழகொழவென்று வீக்கம் என்று எது தெரிந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். ஒரு வயதுகூட ஆகாத குழந்தை தலையில் அடிபட விழுந்தால், இவை எதுவும் இல்லாவிட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். பெண் ரயிலில் வரட்டும், கேட்டுக்கொண்டு போகலாம் என்று காத்திருக்காதீர்கள். திட்டு வாங்கப் பயந்து மறைக்கவும் செய்யாதீர்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரத்திலிருந்து, எதன்மேல் விழுந்தது என்று உள்ளதை உள்ளபடி சொன்னால்தான் டாக்டருக்கு வழி தெரியும்.

குழந்தையின் உயரம் 35 அங்குலத்தைத் தொட்டாலோ, மெத்தை கடைசி ஓட்டையில் இருந்தும் ஒரு தடவை ஏறி இறங்கிவிட்டாலோ தொட்டிலை மூட்டை கட்டிவிடுங்கள். ஒரு தடவை ஏறியது மறுபடி ஏறும்.

அன்றைக்கு ராத்திரி மகள் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. பையனைத் தூக்கி நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தாள். மருமகன் சாப்பிடாமல்கூட ஸ்பானரை எடுத்தார். பலகையைக் கடைசி ஓட்டையில் மாட்டி, கம்பளியை உருவி, தொட்டிலை மேடையிலிருந்து எதிர்ச் சுவருக்குத் தள்ளி வைத்தோம். இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் என் கண்ணெதிரே கம்பிமேல் காலைப் போட்டான். இப்போது சுவரோரம் தரையில் பாய்தான் அவனுக்கு. வாசலுக்குக் குறுக்கே பலகை, டப்புக்கு மூடி, மூடிமேல் அம்மிக்குழவி. தண்ணீர் வண்டி வந்தால் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒரே ஒரு குடத்தோடு போகிறேன்.